போன்களுக்கு எடை கூடிய வருடங்கள்

ஜாவாவில் எங்கள் ஊரான வாருசாரியில் மாதாமாதம் குழந்தைகளை எடை பார்க்கும் நாளொன்றில், முர்சிதாவின் மூன்று வயது மகள் கினாசிக்கு எடையே இல்லை என்பது தெரியவந்தது. துணித் தொட்டிலில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டினார்கள். முள் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. எடை பார்க்கும் பொறுப்பில் இருந்த இபு வார்த்தினி (இபு என்றால் எங்கள் பேச்சில் அம்மா) தராசை இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தன் கைப்பையை மாட்டிப் பார்த்தார், முள் ஒழுங்காக ஓடியது. மறுபடி பிள்ளையை மாட்டினார், பூஜ்யம். அட்டையில் அதை எழுதிவிட்டு, மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்ததுபோல இவளுக்கும் தேங்காய்ப்பால் விட்ட பச்சைப்பயறுக் கஞ்சி ஒரு குவளை கொடுத்தார். பயறு விலை ஏறியிருந்ததால் அன்று கஞ்சி தண்ணீராக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இத்தனை நாள் தெரியாமலா இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தெரியாமல்தான் இருந்தது. கினாசியை யார் தூக்கினாலும் போனோடு சேர்த்துத்தான் தூக்குவார்கள், தராசில் வைத்தாலும் போனோடுதான் வைப்பார்கள், இல்லாவிட்டால் அவள் ஊரைக் கூட்டுவாள். சேர்த்துத் தூக்கினால் பன்னிரண்டு கிலோ சரியாக இருந்தது, மூன்று வயதுப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அந்த முறை முர்சிதாவுக்கு ஆலையில் விடுமுறை. ஒரு நாளாவது பிள்ளை என் முகத்தைப் பார்க்கட்டும் என்று, கத்திய கத்தலைக் காதில் வாங்காமல், போனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கினாசியை மட்டும் இடுப்புத் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சுமை தெரியவில்லை. விடுமுறை சந்தோஷத்தில் உடம்பு லேசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். வீட்டுக்குத் திரும்பித் தரையில் கிடந்த போனை எடுக்கப் போனவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு கிலோவும் அதில் இருந்தது.

முர்சிதா குடுஸ் நகரத்து ஆலையில் கிராம்பு சிகரெட் உருட்டுகிறவள். விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டும்போது இறக்கிவிடும். புருஷன் நுர்ஹாதி பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டி வைத்து ராத்திரி முழுக்க வறுத்த சோறு விற்றுவிட்டு, மத்தியானம் வரை தூங்குவான். இவள் போனதற்கும் அவன் எழுந்ததற்கும் நடுவே பிள்ளையைப் பார்த்துக்கொண்டது போன். பாலூட்டாத குறையாக அது பார்த்துக்கொண்டது. பாடியது, ஆடியது, இமைக்கும் நேரத்துக்குள் ஏழு நிறம் மாறியது. கினாசி அதன் மேலேயே கவிழ்ந்து கிடப்பாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாயைத் திறப்பாள், சோற்றை வைத்தால் விழுங்குவாள், வைத்தது யார் என்று பார்க்கமாட்டாள். சாயங்காலம் அம்மா வந்து முகத்துக்கு நேரே முகத்தை வைத்தால், சின்ன விரலை அவள் கன்னத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளுவாள், அடுத்த படம் வரட்டும் என்று. அடுத்த படம் வராது. அதே அம்மா முகம்தான் இருக்கும். உடனே பிள்ளை வீறிட்டு அழும். இதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். என்ன புத்தி பாருங்கள் இந்த வயதில் என்றார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது.

நடந்த தவறு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் ரகசியம் இல்லை. ஜாவாக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எட்டாம் மாத வாக்கில் மண் மிதிக்கும் சடங்கு செய்வோம். அதுவரை பிள்ளையின் கால் தரையில் படக்கூடாது. ஏழு நிறப் பசையரிசி மேல் நடத்தி, கரும்பு ஏணியில் ஏற்றி இறக்கி, கடைசியில் தாம்பாளத்தில் கொட்டிய ஊர் மண்ணில் பிள்ளையின் காலை வைத்து அழுத்துவோம். இன்னார் பிள்ளை வந்திருக்கிறது, தாங்கிக்கொள் என்று மண்ணிடம் சொல்வதுதான் விஷயம். கினாசியின் சடங்கன்று கரும்பு ஏணிவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. மண்ணைக் கண்டதும் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு அழுதது. அழுகிற பிள்ளையைப் படம் எடுத்தால் நன்றாகவா இருக்கும்? நுர்ஹாதி பாட்டு ஓடிக்கொண்டிருந்த போனை மண் மேல் மல்லாக்கப் போட்டான். பிள்ளை குனிந்து பார்த்தது, சிரித்தது, காலை நீட்டியது. கால் பட்டது கண்ணாடியில். மண்ணில் பட்டது போனின் முதுகு. சடங்கு செய்துவைத்த சார்ஜு கிழவர், வந்தவர்கள் கொடுத்த வெற்றிலைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. மண் தனக்குக் காட்டிய பிள்ளையை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் கினாசி சாப்பிட்ட சோறெல்லாம் போனில் போய்ச் சேர்ந்தது.

அது கினாசியோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுக் கஷ்டம் என்று விட்டுவிடலாம். அந்தப் படத்தை ஊரே பார்த்தது. அழாமல் மண் மிதிக்க வழி இதுதான் என்று அதற்குப் பிறகு பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தாம்பாளத்தில் போனைப் போட்டார்கள். ஆகவே இபு வார்த்தினி அடுத்த மாதம் ஒவ்வொரு பிள்ளையாக போனைப் பிடுங்கிவிட்டு எடை போட்டபோது, முள் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அசையவில்லை. அவர் பயந்துபோய் மேலிடத்துக்குச் சொல்லியனுப்ப, நகரத்திலிருந்து ஓர் அதிகாரி புதுத் தராசோடு வந்தார். அதிலும் பூஜ்யம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளையையும் போனையும் சேர்த்து எடை போடச் சொன்னார். சரியாக வந்தது. “கூட்டினா கணக்கு சரியாத்தானே இருக்கு, எதுக்கு இவ்வளவு கலவரம்?” என்றார். அட்டையில் எல்லாப் பிள்ளைகளும் பச்சைக் கட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பச்சை என்றால் ஆரோக்கியம். அந்த ஆண்டு வட்டாரத்திலேயே ஆரோக்கியமான பிள்ளைகள் உள்ள ஊர் என்று எங்களுக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதுவும் நடந்தது. ஒருவன் ஈயக் குண்டு தைத்த கால்கொலுசு விற்றான். ஒருத்தி பாவாடை ஓரத்தில் மணல் அடைத்துத் தைத்துக் கொடுத்தாள். தச்சன் போன் வைக்கத் தேக்குப் பலகை இழைத்தான், சாதாரண மேசைகள் தாங்கவில்லை. அப்பன்மார் போனைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக, பிள்ளை அதைத் தொட்டபடியே பின்னால் மிதந்துகொண்டு வரும். பாலர் பள்ளியில் போனை நாற்காலியில் வைத்து வருகை போட்டார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் போன் மட்டும் பள்ளிக்கு வந்துபோனதும் உண்டு. போனைக் கொஞ்சம் எடுத்து வையுங்களேன் என்று யாராவது சொன்னால், பிடித்தார்கள் ஒரு நல்ல பதிலை: அதை எடுத்தால் பிள்ளை காற்றில் போய்விடுமே, நீங்கள் பொறுப்பா? அது உண்மைதான், பிள்ளையைத் தரையில் பிடித்துவைத்திருந்தது போன் ஒன்றுதான். திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் இல்லாவிட்டால் கதவை யார் திறப்பார்கள் என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர்.

பட்டம் விடுகிற மாதத்தில், கீழைக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மின்சாரம் காலையில் போனது, சாயங்காலம்வரை வரவில்லை. மத்தியானத்துக்குள் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்த கண்ணாடியைப் பிள்ளைகள் தட்டிப் பார்த்தார்கள், தேய்த்துப் பார்த்தார்கள், பிறகு கையை எடுத்தார்கள். கையை எடுத்ததும் காற்று எடுத்துக்கொண்டது. இலவம்பஞ்சு போவதுபோல வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் போனார்கள். கீழே பெற்றவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து ஊர்க்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு வந்தார்கள். ஏணி, தூண்டில், பட்ட நூல் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளை மரக்கிளைகளிலிருந்தும் கூரைக்கடியிலிருந்தும் மீட்டார்கள். கினாசி மூங்கில் புதரில் சிக்கியிருந்தாள். போனுக்குக் காசு ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரனின் மகன் டானு மட்டும் கிடைக்கவில்லை. மூன்று ஊர் தள்ளி ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக் கம்பத்தில் அவனைக் கண்டுபிடித்தார்கள். இறக்கியபோது அவன் அம்மாவைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டான். பறந்து வந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஊர்க் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். இனியாவது புத்தி வரும் என்று நானும் போய் உட்கார்ந்தேன். ஊர்த்தலைவரை லூரா என்போம். அப்போதைய லூரா சுகார்வன், எதற்கும் ஒரு செலவுத் திட்டம் வைத்திருப்பவர். “நேத்து நடந்தது ரொம்ப வேதனை. இனிமே இப்படி நடக்கக் கூடாது. ஊருக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கிடலாம்” என்றார். கை தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து முர்சிதா எழுந்தாள். கையில் கிராம்பு வாசனை போகாத பெண், கூட்டத்தில் அதுவரை வாய் திறந்தவள் இல்லை.

“ஜெனரேட்டர் எதுக்கு? அன்னிக்கு மண்ணை மிதிச்சது புள்ளைங்க இல்ல, போனு. அதைச் சரி பண்ணாம வேற என்ன பண்ணாலும் வீண்தான்” என்றாள். “மறுபடியும் சடங்கு பண்ணணும். போனு தரையில படக் கூடாது, புள்ளை கால் படணும்.”

சார்ஜு கிழவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மண் ஒரு பிள்ளையை ஒரு தரம்தான் ஏற்கும், வீட்டுக்கு இரண்டு பிள்ளை என்று கணக்குக் காட்டினால் அதற்குக் கோபம் வரும் என்றார். கடைக்காரன், பிள்ளையைத் தொலைத்துக் கண்டெடுத்து ஒரு நாள்கூட ஆகாதவன், நின்றுகொண்டே கத்தினான். “விடியக்காலம் போயி இருட்டுனதும் வர்றவ நீ. உன் புள்ளைய நீ பாத்திருந்தா இந்தக் கதியே வந்திருக்காது. எங்களுக்குச் சொல்ல வந்துட்டா பெரிசா.”

“நான் பாக்கலதான்” என்றாள் முர்சிதா. “நீ கடையிலயே உக்காந்திருந்தியே, உன் புள்ளைய நீ பாத்தியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், கடைக்காரன் உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் ஜெனரேட்டர்தான் நிறைவேறியது. அடுத்த வாரமே வந்து இறங்கியது, மஞ்சள் பெயின்ட் அடித்தது.

முர்சிதா ஆலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, போனைக் கயிற்றில் கட்டி வீட்டு உத்திரத்தில் தொங்கவிட்டாள். உத்திரம் வளைந்தது, தாங்கியது. பிறகு கினாசியை முதுகில் கட்டிக்கொண்டு, நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வயலில் இறங்கினாள். பிள்ளையின் இரண்டு காலையும் சேற்றுக்குள் வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சேறு ஏற்கவில்லை. தக்கையைத் தண்ணீருக்குள் அமுக்கியதுபோலக் கால் கையை மீறி மேலே வந்துகொண்டே இருந்தது. கினாசி கத்திய கத்தல் சாதாரணக் கத்தல் இல்லை. கடித்தாள், தலையால் முட்டினாள், அம்மாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடுங்கினாள், மூச்சு நின்று நீலம் பாரித்து மறுபடி கத்தினாள். வரப்பில் கூட்டம் கூடிவிட்டது. பெற்றவளா பேயா என்றார்கள். பிள்ளையைக் கொல்லுகிறாள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். பிள்ளை மூன்று வருடம் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோது இவர்களில் ஒருவர் வாயும் திறக்கவில்லை. இப்போது கருணை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ நுர்ஹாதி வயலுக்கு வந்தான். மத்தியானம் தூங்கி எழுந்த முகம். வரப்பில் குந்தியபடி, “மேல ஏறி வா. ஊரே சிரிக்குது” என்றான்.

“சிரிக்கட்டும் மாஸ்.” புருஷனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“உன் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்களாம், வேன்காரன் சொன்னான். என்ன வச்சுச் சாப்பிடறது?”

முர்சிதா பிள்ளையின் காலைவிட்டுக் கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். முழங்கையெல்லாம் கடித்த தழும்பு. “நீங்கதான் அந்தப் போனை மண்ணுல போட்டீங்க. நான் அன்னிக்குக் கை தட்டினேன். ரெண்டு பேரும் சேந்துதான் போட்டோம். அப்ப நான் மட்டும் ஏன் சேத்துல நிக்கணும், நீங்க வரப்புல உக்காந்து சோத்துக் கணக்குப் பேசணும்?”

நுர்ஹாதி செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கி, “குடு, நான் புடிக்கிறேன். நீ போய் ஒரு வாய் சாப்புடு” என்றான். அவள் கை எடுக்க, அவன் பிடித்தான். பிள்ளை அவனையும் கடித்தது.

அதற்குப் பிறகு காலையில் அவன், பகலில் அவள். அவன் தூக்கக் கலக்கத்தில் சேற்றில் நின்றபடியே ஆடுவான். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் வறுத்த சோற்றுக்கு வெங்காயம் எப்போது போடவேண்டும், முட்டை எப்போது உடைக்கவேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பான். கத்தல் ஒரு வாரத்தில் முனகலாயிற்று. கினாசி அப்பனின் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். சுற்றி வயல்களில் நாற்று நட்டு முடித்தார்கள். இந்தத் துண்டு மட்டும் நடாமல் கிடந்தது, வயற்காரர் சலாமுன் ஒரு போகம் போனால் போகிறது என்று விட்டுவைத்தார். ஊரில் ஒரு மனிதனையாவது பாராட்டி எழுத வாய்த்ததே.

நாற்று முழங்கால் உயரம் வந்திருந்தபோது, ஒரு மத்தியானம் கினாசி அழுதாள். இது வேறு அழுகை. மெல்ல, விட்டுவிட்டு. முர்சிதா பதறிக் காலைத் தூக்கிப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேல் ஓர் அட்டை, கறுத்துப் பருத்துத் தொங்கியது. அதுவரை எறும்பு கடித்ததில்லை அந்தப் பிள்ளையை, கொசு உட்கார்ந்ததில்லை. இந்த ஊர்ச் சேற்று அட்டை எங்கள் எல்லோரையும் கடித்திருக்கிறது, பிறந்ததிலிருந்து. முர்சிதா அதைப் பிடுங்கக் கை கொண்டுபோனவள் பிடுங்காமல் நின்றாள். ரத்தம் ஒரு கோடாக இறங்கிச் சேற்றில் கலந்தது. கினாசி காலைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். விரலால் கன்னத்தைத் தள்ளவில்லை.

“வலிக்குது” என்றாள்.

அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. முர்சிதா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மாத எடை நாளில் தராசு முள் நடுங்கி நடுங்கி ஒரு கோடு தாண்டியது. இரண்டு வெங்காயத்தின் கனம் இருக்கும். இபு வார்த்தினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை அட்டையில் எழுதினார். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். போன் இல்லாமல் எடை போட்டதால் கினாசி சிவப்புக் கட்டத்தில் விழுந்தாள். ஊட்டச்சத்தில்லாப் பிள்ளை என்று அவள் பெயரைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். நகரத்து அதிகாரி மறுபடி வந்து, நான்கு வயதில் இப்படி ஒரு எடையா, பிள்ளையைப் பட்டினி போடுகிறாயா என்று முர்சிதாவை எல்லோர் முன்னாலும் ஏசினார். ஊரின் பெயர் கெட்டுவிட்டது, அடுத்த ஆண்டுப் பரிசு போய்விட்டது என்று லூரா வருந்தினார். ஒரு பெட்டி பிஸ்கட்டும் எப்படிப் பிள்ளை வளர்ப்பது என்று ஒரு படக்காட்சியும் கொடுத்தார்கள். படக்காட்சியைப் பார்க்க போன் வேண்டும். காற்றில் மிதக்கிற பிள்ளைகளெல்லாம் பச்சை. சேற்றில் கால் பதிந்த ஒரே பிள்ளை சிவப்பு. மற்றவர்கள் ஏன் வயலுக்கு வரவில்லை என்று கேட்டால், யாருக்கு நேரம் இருக்கிறது, சிவப்பில் பெயர் வந்தால் யார் தலைகாட்டுவது என்றார்கள். டானுவின் தாய் மட்டும் ஒரு நாள் வரப்புவரை வந்தாள், பிள்ளையையும் கைவண்டியையும் இழுத்துக்கொண்டு. கொஞ்ச நேரம் நின்றாள். வண்டியின் உள்ளே பாட்டு மாறியது, பிள்ளை அதன்மேல் குனிந்தான், அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

போனில் போன எடை திரும்பி வரவில்லை. அது இன்றைக்கும் போனில்தான் இருக்கிறது. கினாசி ஒன்றுமில்லாததிலிருந்து, பிறந்த பிள்ளைபோல, தொடங்கவேண்டியிருந்தது. ஆறு வயதில் மூன்று கிலோ ஆனாள், எட்டில் ஐந்து. பேச்சும் அப்படித்தான், தாமதமாக வந்தது, ஆனால் வந்தது, வந்தபின் நிற்கவில்லை. விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள், சளி பிடித்தது, பொய் சொல்லி அடி வாங்கினாள், பக்கத்து வீட்டுக் கொய்யா திருடினாள். முர்சிதாவை ஆலையில் மறுபடி சேர்க்கவில்லை. அவள் பகலில் அதே தள்ளுவண்டியில் வாழையிலையில் கட்டிய சோறு விற்றாள். வருமானம் பாதியானது, அதைச் சொல்லிச் சண்டையும் போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். ஊரில் மற்றப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அதாவது போன்கள் வளர்ந்தன. இப்போது ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். பள்ளிக்கூடத்துத் தரையை இரண்டு தரம் காரை பூசிக் கெட்டிப்படுத்தினார்கள். ஜெனரேட்டருக்கு எண்ணெய்ச் செலவு ஊர் வரவில் பாதியைத் தின்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை.

கினாசிக்குப் பன்னிரண்டு வயது நடக்கிறது, ஒன்பது கிலோ இருக்கிறாள். சாதாரண நாளில் மற்றவர்களைப்போல நடப்பாள், காற்று பலமாக இருந்தால்தான் சிரமம். போன வாரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மழைக்கு முந்தின காற்று ஒன்று வந்தது. கைவண்டிகளோடு நின்ற பிள்ளைகள் தலை நிமிராமலே போனைக் கட்டிக்கொண்டார்கள், அவர்களுக்குப் பழக்கம்தான். கினாசி கூடையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த மீன்காரியின் சட்டைக் கையைப் பிடித்தாள். அந்த அம்மாள் வெளியூர், இவளை முன்பின் பார்த்ததில்லை.

“கொஞ்சம் புடிச்சுக்கறேன் இபு, காத்து போற வரைக்கும்” என்றாள். கால் ஒரு சாண் மேலே எழும்பியிருந்தது.

மீன்காரி அண்ணாந்து பார்த்தாள். செதில் ஒட்டிய கையால் அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, “புடிச்சுக்க, அதுக்கென்ன. வெலையை மட்டும் கொறைக்கச் சொல்லாத” என்றாள். “ஆமா, உங்க அம்மா இதை எப்பிடிச் சமைப்பா? புளி போடுவாளா?”

புளி போடமாட்டாள், மஞ்சளும் தேங்காய்ப்பாலும்தான் என்று கினாசி மேலேயிருந்தபடியே சொன்னாள். இருவரும் காற்று அடங்கும்வரை மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் கீழே இறங்கி, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.